ஆஸ்திரேலியாவில் உயிரியல் ஆனர்ஸ்: சேருவதற்கு முன்பும் சேர்ந்த பிறகும்

மூன்று வருட பி.எஸ்சி. முடியப்போகிற நேரத்தில் வீட்டில் ஆனர்ஸ் பேச்சை எடுத்தேன். "ஏம்மா, இன்னும் ஒரு வருஷமா? அதுக்கு மாஸ்டர்ஸே சேர்ந்துடலாமே?" என்று கேட்டார் அப்பா. நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் அந்த வருடத்தை முடித்து, பிஎச்.டி.யும் முடித்து, இப்போது ஆனர்ஸ் மாணவர்களுக்கு வேலை கற்றுத்தரும் இடத்தில் இருக்கிறேன். சிட்னியிலும் மெல்பர்னிலும் உயிரியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் பேசும்போது அவர்கள் வீட்டிலும் இதே கேள்வி எழுந்திருப்பது தெரிகிறது. அப்பாவிடம் அன்று சொல்லியிருக்க வேண்டியதையும், சேர நினைப்பவர்கள் செய்ய வேண்டியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தியாவில் பல காலமாக மூன்று வருடப் பட்டத்துக்கே ஆனர்ஸ் என்று பெயர் இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட வரையறைக்குப் பிறகுதான் நான்காம் ஆண்டு ஆய்வு செய்யும் ஆனர்ஸ் வந்தது. அதற்கு முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். இலங்கையில் முன்பு சிறப்புப் பட்டம் என்று சொன்ன நான்கு வருடப் படிப்பைத்தான் இப்போது ஆனர்ஸ் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. மூன்று வருட பி.எஸ்சி. தனியாக முடிந்துவிடும், பட்டமும் வாங்கிவிடலாம். அதற்கு மேல் தனியாக விண்ணப்பித்துச் சேர்கிற ஒரு வருடம்தான் ஆனர்ஸ். நாட்டின் தகுதிச் சட்டகத்தில் பி.எஸ்சி. 7ஆம் நிலை, ஆனர்ஸ் 8ஆம் நிலை, மாஸ்டர்ஸ் 9, பிஎச்.டி. 10. சில பல்கலைக்கழகங்களில் நான்கு வருடத்தையும் சேர்த்தே ஒரே படிப்பாக வைத்திருக்கிறார்கள். அப்படிச் சேர்ந்தவர்களுக்கும் நான்காம் ஆண்டு ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும்.

அந்த ஒரு வருடத்தில் வகுப்பு கொஞ்சம், ஆய்வு மிக அதிகம். ஒரு பேராசிரியரின் லேபில் சேர்ந்து, ஒரு கேள்வியை எடுத்து, பிப்ரவரியிலிருந்து அக்டோபர் அல்லது நவம்பர் வரை அதிலேயே இருந்து, ஒரு தீசிஸ் (ஆய்வேடு) எழுதி, துறையில் எல்லோர் முன்னாலும் பேசி முடிக்க வேண்டும். ஜூலையிலும் தொடங்கலாம். எந்த மாதத்தில் தொடங்குகிறோம் என்பது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்படி என்னதான் கிடைக்கிறது?

பி.எஸ்சி.யில் மூன்று வருடமும் நாம் செய்த சோதனைகள் எல்லாம் ஏற்கெனவே விடை தெரிந்தவை. ஜெல்லில் டி.என்.ஏ. பட்டை எங்கே விழும் என்று டெமான்ஸ்ட்ரேட்டருக்குத் தெரியும். விழாவிட்டால் நாம் எங்கேயோ தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம். ஆனர்ஸில்தான் முதல்முறையாக யாருக்குமே விடை தெரியாத கேள்வி கைக்கு வருகிறது. பட்டை விழாவிட்டால் அது நம் தப்பா, இயற்கை சொல்லும் பதிலா என்று நாமே கண்டுபிடித்தாக வேண்டும். எனக்கு அந்த வித்தியாசம் ஒரு காலையில் புரிந்தது. சிட்னிக்கு வடக்கே ஒரு காட்டில், வெளிச்சம் வருவதற்கு முன்பே எலியட் பொறிகளைப் பார்க்கப் போனோம். அவை அலுமினியத்தில் செய்த, மடக்கக்கூடிய நீளப் பெட்டிகள். உள்ளே ஓட்ஸும் வேர்க்கடலை வெண்ணெயும் தேனும் பிசைந்து உருட்டிய உருண்டை, குளிருக்குக் கொஞ்சம் பஞ்சு. கதவு மூடியிருந்த ஒரு பெட்டியைத் துணிப்பையின் வாயில் வைத்துத் தட்டினேன். பைக்குள் ஒரு ஆன்டிகைனஸ் விழுந்தது. எலி மாதிரியே இருக்கும், ஆனால் கங்காருவைப் போல மார்சூபியல் இனம். தராசில் தொங்கவிட்டு எடையைக் குறித்தபோது, இந்த எண் உலகத்தில் வேறு எந்த நோட்டிலும் இல்லை என்று தோன்றியது. அந்த எண்ணம் உங்களுக்குள் ஏதாவது செய்கிறதா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த வருடம்.

செய்யவில்லை என்றாலும் நல்லதே. என்னோடு படித்த தோழி ஒருத்தி நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு, "இது எனக்கு வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அதே முடிவுக்கு பிஎச்.டி.யின் மூன்றாம் வருடத்தில் வந்து சேர்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பட்ட வேதனை இவளுக்கு இல்லை.

பிடித்துவிட்டால் அடுத்த கதவு நேராகத் திறக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் 80ம் அதற்கு மேலும் முதல் வகுப்பு, 75 முதல் 79 வரை இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவு, 70 முதல் 74 வரை கீழ்ப் பிரிவு, 65 முதல் 69 வரை மூன்றாம் வகுப்பு. முதல் வகுப்பு வாங்கினால் மாஸ்டர்ஸ் படிக்காமலே பிஎச்.டி.யில் சேரலாம். 2017இல் வந்த ஆய்வுப் பயிற்சித் திட்டத்தின் கீழ் மத்திய அரசு உதவித்தொகை தருகிறது. 2024இல் அதன் அடிப்படைத் தொகை வருடத்துக்கு 32,192 டாலராக இருந்தது. முழுநேர மாணவருக்கு அதில் வருமான வரி கிடையாது. இந்த உதவித்தொகைக்கான போட்டியில் ஆனர்ஸ் மதிப்பெண்தான் பெரிய எடை. அப்பாவின் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்: மாஸ்டர்ஸ் ஒன்றரை முதல் இரண்டு வருடம், பல இடங்களில் முழுக் கட்டணம். ஆய்வுப் பக்கம் போவதாக இருந்தால் ஆனர்ஸ் ஒரு வருடத்தில் அதே வாசலுக்குக் கொண்டுபோய்விடும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கும் பலன் உண்டு. சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், மாநில அரசுத் துறைகள், நோயறிதல் ஆய்வகங்கள் எல்லாம் பார்ப்பது, தானாக ஒரு வேலையைத் திட்டமிட்டு, தரவு சேர்த்து, எழுதி முடித்தவரா என்பதைத்தான். அதைவிட ஒரு சின்ன விஷயம் எனக்குப் பெரிதாகப் பட்டது. முந்நூறு பேர் உட்கார்ந்த வகுப்பில் நம் பெயர்கூடத் தெரியாத பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கும் நிலை மாறி, நாம் எப்படி வேலை செய்வோம் என்று ஒரு வருடம் அருகிலிருந்து பார்த்த ஒருவர் கிடைக்கிறார்.

செலவைப் பற்றியும் திறந்து பேச வேண்டும். ஆனர்ஸுக்குச் சம்பளம் கிடையாது. களப்பணி மாதங்களில் வாரத்துக்கு இருபது மணி நேரம் கடையில் நிற்பது நடக்காது. குடிமக்களுக்கு அரசு மானிய இடமும், கட்டணத்துக்கு அரசு தரும் ஹெக்ஸ் கடனும் கிடைக்கும். நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவர்களுக்கு மானிய இடம் கிடைத்தாலும், பெரும்பாலோருக்கு அந்தக் கடன் கிடைக்காது. கட்டணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். நம் குடும்பங்கள் பல இந்த நிலையில்தான் இருக்கின்றன, ஆகவே வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வெளிநாட்டு மாணவர் என்றால் முழுக் கட்டணம். விசா காலம் போதுமா என்பதைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதல் படி: மூன்றாம் வருடத்திலேயே தொடங்குங்கள்

சேர்வதற்குப் பொதுவாக பி.எஸ்சி.யின் பிந்தைய ஆண்டுப் பாடங்களில் 65 சதவீத சராசரி கேட்பார்கள். நல்ல லேப்கள் அதற்கு மேலும் எதிர்பார்க்கும். மதிப்பெண்ணைக் காட்டிலும் முன்னதாகவே லேபுக்குள் கால் வைப்பது உதவும். வாரத்தில் அரை நாள் பிஎச்.டி. மாணவர் யாருக்காவது தன்னார்வமாக உதவுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான கோடை விடுமுறைக்கு ஆய்வு உதவித்தொகைகள் இருக்கின்றன, அவற்றுக்கு விண்ணப்பியுங்கள். பூச்சிகளைப் பிரித்து எத்தனாலில் போடுவது, பெட்ரி தட்டு ஊற்றுவது எதுவானாலும் சரி. அங்கே யார் எப்படிப் பேசுகிறார்கள், யார் முகம் வாடியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

இரண்டாம் படி: தலைப்பைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள்

நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சுறா மீன் ஆய்வு வேண்டும் என்று ஆசைப்பட்டு, மாதத்துக்கு ஒரு தடவைகூடச் சந்திக்காத சூப்பர்வைசரிடம் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். மண்புழு ஆய்வை வேண்டா வெறுப்பாக எடுத்து, நல்ல மனிதரிடம் சேர்ந்து, இன்றுவரை மண்ணை விடாதவர்களையும் தெரியும். ஒன்பது மாதத்தில் தலைப்பு எப்படியும் இரண்டு முறை மாறும். ஆள் மாற மாட்டார்.

மூன்று நான்கு பேருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பத்து வரி போதும். 'மதிப்பிற்குரிய ஐயா' என்ற தோரணை வேண்டாம். இங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், முதலில் நமக்கு நாக்கு எழாது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதோடு நிற்கவும் கூடாது. "அடுத்து என்ன செய்யட்டும்?" என்று காத்திருப்பதைப் பணிவாக இவர்கள் எடுத்துக்கொள்வதில்லை, ஆர்வம் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். "நான் இப்படி யோசிக்கிறேன், சரியா?" என்று கேட்டால் முகம் மலர்கிறது. எனக்கு இது பிடிபடவே ஏப்ரல் ஆகிவிட்டது.

சந்திக்கும்போது இவற்றைக் கேளுங்கள். வாரம் ஒருமுறை சந்திப்பீர்களா? வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவீர்கள்? செப்டம்பர், அக்டோபரில் ஊரில் இருப்பீர்களா? (ஆய்வு விடுப்பில் வெளிநாடு போய்விட்டால் தீசிஸ் நேரத்தில் திண்டாட்டம்தான்.) தினசரி வேலையை யார் கற்றுத்தருவார்கள்? திட்டத்துக்குப் பணம் கையில் இருக்கிறதா, இனிமேல்தான் வர வேண்டுமா? கடைசியாக முடித்த மூன்று ஆனர்ஸ் மாணவர்கள் இப்போது எங்கே?

அப்புறம், அந்த லேபின் மாணவர் ஒருவரைத் தனியாகக் காபிக்குக் கூப்பிடுங்கள். "மறுபடியும் சேரச் சொன்னால் இதே லேபில் சேர்வீர்களா?" என்று கேளுங்கள். பதிலுக்கு முன்னால் வரும் மௌனத்தையும் கவனியுங்கள்.

மூன்றாம் படி: கேள்வியின் அளவும் பருவமும்

உயிரினங்கள் பல்கலைக்கழக நாட்காட்டியைப் பார்த்து நடப்பதில்லை. ஆன்டிகைனஸையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலக் கடைசியில் சில வாரங்கள் மட்டும் இணைசேரும் காலம். அது முடிந்ததும் ஆண்கள் அத்தனையும் செத்துப்போகின்றன. மன அழுத்த ஹார்மோன் ஏறி, நோய் எதிர்ப்பு சக்தி குலைந்து, ஒரு வயது நிறைவதற்கு முன்பே மொத்தமாக முடிந்துவிடும். அதற்குப் பிறகு சில வாரங்களுக்கு அந்தக் காட்டில் சினையான பெண்கள் மட்டும்தான். ஆண்களைப் பற்றிய கேள்வியோடு பிப்ரவரியில் தொடங்கியவளுக்கு, ஆகஸ்ட் ஒரு சுவர் மாதிரி முன்னால் நிற்கும். தீசிஸுக்கு நவம்பர் வரை நேரம் இருக்கலாம், விலங்குக்கு இருக்காது.

பவளப் பாறை வேண்டும் என்பவர்களுக்கும் இதே கணக்கு. கிரேட் பேரியர் ரீஃபில் பவளங்கள் ஒரே சமயத்தில் முட்டையும் விந்தும் விடுவதை 1980களின் தொடக்கத்தில் டவுன்ஸ்வில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வசந்தத்தின் பின்பாதியிலும் கோடைத் தொடக்கத்திலும், பௌர்ணமியை அடுத்த சில இரவுகளில் மட்டும் அது நடக்கும். பிப்ரவரியில் சேர்ந்தவர் தீசிஸ் கொடுக்கும் நேரத்தில்தான் பவளம் முட்டை விடும். ஜூலையில் சேர்ந்தவருக்குச் சரியாக நடுவில் வரும். கோடையில் கத்தும் தவளைகளுக்கும், பல பூச்சிகளுக்கும் ஜூலைத் தொடக்கம்தான் பெரும்பாலும் பொருந்தும். செல் வளர்ப்பு, மரபணு, பாக்டீரியா என்று உள்ளே வேலை செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது எண்ணிக்கை. நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. ஒரு மாணவர் சுத்தமான குளம், மாசடைந்த குளம் என்று இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் 50 தவளைகளை அளந்துவிட்டு, "என்னிடம் 100 தரவு இருக்கிறது" என்று வருவார். கேள்வி குளங்களைப் பற்றியது. குளங்கள் இரண்டே இரண்டு. அந்த வித்தியாசம் மாசினால் வந்ததா, ஒன்றில் நிழல் அதிகம் என்பதால் வந்ததா என்று சொல்லவே முடியாது. பத்துக் குளங்களில் குளத்துக்குப் பத்துத் தவளை அளந்திருந்தால் அதே 100 தவளை, அதே உழைப்பு, பேசக்கூடிய பதில். இதைத் தரவு சேர்த்த பிறகு கண்டுபிடித்தால் அழுகைதான் வரும். ஆகவே முதல் மாதத்திலேயே புள்ளியியல் தெரிந்தவர் ஒருவரிடம் காகிதத்தில் படம் போட்டுக் காட்டுங்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளை ஏப்ரலுக்குள் பழகிக்கொள்ளுங்கள். பொய்யான எண்களைப் போட்டு வரைபடம் வரைந்து பாருங்கள். உண்மையான எண்கள் வரும்போது கை தயாராக இருக்கும்.

நான்காம் படி: அனுமதிகள்

முதுகெலும்புள்ள எந்த உயிரினத்தைத் தொட்டாலும், கணவாய், ஆக்டோபஸ் வகைகளைத் தொட்டாலும், விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பெரும்பாலும் அந்தக் குழு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் இன்னொரு மாதம் போகும். மாற்று வழி இருக்கிறதா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வலியைக் குறைக்க முடியுமா என்ற மூன்றையும்தான் கேட்பார்கள். இதைத் தடையாக நினைக்காதீர்கள். உருண்டைக்குள் எவ்வளவு தேன், பெட்டிக்குள் எவ்வளவு பஞ்சு, விடிந்து எத்தனை மணிக்குள் திறப்பது என்று எழுதும்போதுதான் அந்தச் சின்ன உடம்புக்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்று நமக்கே உறைக்கிறது. தேசியப் பூங்காவுக்குள் வேலை என்றால் மாநில அரசின் அறிவியல் உரிமமும் தனியாக வேண்டும், பூச்சி பிடிப்பதற்கும் கூட.

புதிய விண்ணப்பம் போடுவதைவிட, லேபில் ஏற்கெனவே அனுமதி பெற்ற திட்டம் ஒன்றில் உங்கள் பெயரைச் சேர்ப்பது பொதுவாகச் சீக்கிரம் முடியும். நான் மார்ச்சில் காட்டுக்குப் போக முடிந்தது அப்படித்தான். என்னோடு சேர்ந்த இன்னொருவர் புதிதாக விண்ணப்பித்து மே கடைசி வரை காத்திருந்தார். சூப்பர்வைசரிடம் நவம்பரிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

களப்பணிக்குத் தனியாகப் போகாதீர்கள். கிழக்குக் கரைக் காடுகளில் பக்கவாத உண்ணி இருக்கிறது. அது கடித்துச் சிலருக்கு இறைச்சி ஒவ்வாமையே வந்திருக்கிறது. திரும்பியதும் கழுத்து, காது மடிப்பு, இடுப்பு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மாதங்களை எப்படிக் கடப்பது

முதல் இரண்டு மாதம் படித்து, முன்னாய்வுகளைத் தொகுத்து எழுதுங்கள். அது தீசிஸின் முன்னுரையாக மாறும். செய்முறைப் பகுதியை வேலை செய்த அன்றே எழுதிவிடுங்கள். எந்தக் கம்பெனி பிரைமர், எத்தனை டிகிரி, எந்த ஃப்ரீசர் என்று அக்டோபரில் யாருக்கும் நினைவிருக்காது.

மே, ஜூனில் எதுவுமே வேலை செய்யாது. இதை நான் எல்லா வருடமும் பார்க்கிறேன். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பிசிஆர் வராது, செல்களில் மைக்கோபிளாஸ்மா தொற்று வந்துவிடும், மழை பெய்து பொறி வைக்க முடியாது. நாலு இரவு 100 பொறி வைத்து, எனக்கு ஒரு முறை கிடைத்தது ஏழு விலங்குகள், அதில் ஐந்து வேறு இனமான புதர் எலி. அன்றைக்கு லேபின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மறைக்காதீர்கள். நம்மில் பலருக்கு, கெட்ட செய்தியைச் சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்ற பழக்கம் இருக்கிறது. ஆறு வாரம் தனியாகப் போராடிவிட்டு வருகிற மாணவரிடம் சூப்பர்வைசர் கேட்கும் முதல் கேள்வி, "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்பதுதான். கேள்வியைக் கொஞ்சம் சுருக்கியோ, லேபில் இருக்கும் பழைய மாதிரிகளைச் சேர்த்தோ ஜூனில் காப்பாற்றிவிடலாம். செப்டம்பரில் முடியாது. விளைவு எதுவும் தெரியவில்லை என்று வந்தாலும் முதல் வகுப்பு வாங்கலாம், அதைச் சரியாக வடிவமைத்து நேர்மையாக எழுதியிருந்தால். தேர்வாளர்கள் பார்ப்பது நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதை.

செப்டம்பர் தொடக்கத்தோடு தரவு சேர்ப்பதை நிறுத்துங்கள். இன்னும் ஒரே ஒரு சோதனை என்று இழுப்பவர்களுக்குத்தான் கலந்துரையாடல் பகுதி இரண்டு நாளில் எழுதியது போல அமைகிறது. சூப்பர்வைசருக்கு அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுங்கள், மொத்தமாகக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு தேதி

பிஎச்.டி. உதவித்தொகைக்கான விண்ணப்பம் பல பல்கலைக்கழகங்களில் அக்டோபரை ஒட்டி முடிகிறது. அதாவது தீசிஸ் கொடுப்பதற்கு முன்பு, மதிப்பெண் வருவதற்கு முன்பு. இதைத் தெரியாமல் விட்டு ஒரு வருடத்தை இழந்தவர்கள் உண்டு. ஜூலையிலேயே தேதியைப் பார்த்து எழுதிவையுங்கள், பரிந்துரை தரப்போகிறவர்களிடம் ஆகஸ்டில் சொல்லிவிடுங்கள்.

தீசிஸ் கொடுத்த மறுநாள் தூங்குங்கள். அதற்கு அடுத்த நாள் லேபுக்குப் போய், மைனஸ் 80 ஃப்ரீசரில் உங்கள் பெட்டிகளை எடுத்து, ஒவ்வொரு குழாயிலும் இனம், இடம், தேதி, உங்கள் பெயரின் முதலெழுத்து அழியாத மையில் இருக்கிறதா என்று பாருங்கள். தரவுக் கோப்பில் ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். பொறிகளைக் கழுவி வெயிலில் காயவைத்து மடக்கி அடுக்குங்கள். பிப்ரவரியில் புதிதாக ஒருவர் வந்து அவற்றைத் திறப்பார்.